கொள்ளைக்காரனைத் தோற்கடித்த ஊர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்கென்று ஒரு பெருமை இருப்பதைக் காணலாம். ஓர் ஊரில் ஜனாதிபதி ஒருவர் பிறந்திருப்பார். மற்றோர் ஊருக்கு வெளியே பெரிய யுத்தம் ஒன்று நடந்திருக்கும். வேறு பெருமை ஒன்றும் அகப்படாத ஊர்களில், பிரசித்தி பெற்ற கொள்ளைக்காரன் எவனாவது ஒரு நாள் இரவு அங்கே தங்கிவிட்டுப் போனான் என்றாவது பலகை எழுதி மாட்டியிருப்பார்கள். முக்கியமாக, மிஸௌரி மாகாணத்தில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்னும் கொள்ளைக்காரனுடைய பெயரைச் சொல்லிப் பிரயாணிகளை அழைக்கும் குகைகளும் வீடுகளும் பல உண்டு. அவனைப் பற்றிப் பாட்டுக்கள் இருக்கின்றன. காலணாக் கதைப் புத்தகங்களைப் போன்ற மலிவு நாவல்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. 1939-ம் வருஷம் ஹாலிவுட்டில் பெரிய படமே பிடித்தார்கள். ஏழைகளின் நண்பன், பணக்காரர்களின் எமன் என்பது அவனுக்குக் கிடைத்திருக்கும் கீர்த்தி.

ஆனால் அதே கொள்ளைக்காரன் தோற்று ஓடியதைத் திருவிழாவாகக் கொண்டாடும் ஊர் ஒன்றும் அந்த நாட்டில் இருக்கிறது. அது மின்னஸோட்டா மாகாணத்திலுள்ள நார்த்பீல்டு. 'ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோல்வி தினங்கள்' என்பதே அந்த விழாவின் பெயர். வருஷந்தோறும் செப்டம்பர் மாதத்தில் நடைபெறுகிறது.

ஒரே மனிதனை ஓரிடத்தில் வீரன் என்கிறார்கள். மற்றோர் இடத்தில் அவன் தோற்றதற்கு விழா எடுக்கிறார்கள். இவற்றில் எது சரியான நினைவு? இதைத் தெரிந்து கொள்வதற்குப் புத்தகங்களைக் காட்டிலும் ஊர்களே நல்ல சாட்சி. அதிர்ஷ்டவசமாக, அவன் பிறந்த இடமும் தோற்ற இடமும் ஏறக்குறைய ஒரே சாலையில் அமைந்திருக்கின்றன. தெற்கு வடக்காகச் செல்லும் 35-ம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால், சுமார் 400 மைல் பிரயாணத்தில் இரண்டையும் பார்த்து விடலாம். நாம் தெற்கேயிருந்தே புறப்படுவோம்.

பாதிரியாரின் பண்ணை

கான்ஸாஸ் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 25 மைல் தூரத்தில் கியர்னி என்ற சிற்றூர் இருக்கிறது. அதை அடுத்து, மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் புல்வெளிகளுக்கிடையே ஒரு மர வீட்டைக் காண்கிறோம். 1847-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் பிறந்தது இந்தப் பண்ணையில்தான். இப்போது இதைக் கிளே ஜில்லா நிர்வாகத்தார் காட்சி ஸ்தலமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

கொள்ளைக்காரனுடைய தகப்பனார் யாரோ முரடர் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ராபர்ட் ஜேம்ஸ் படித்த மனிதர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பாதிரியார். பக்கத்து ஊரான லிபர்ட்டியில் வில்லியம் ஜுவல் கலாசாலை ஏற்படுவதற்கு உதவியவர்களில் ஒருவர். 1850-ல் கலிபோர்னியாவில் தங்கம் தேடச் சென்றவர்களுக்கு ஊழியம் செய்யப் போனவர், திரும்பி வரவில்லை, அங்கேயே காலமானார். அப்போது ஜெஸ்ஸிக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. தாயார் ஜெரெல்டா, நெஞ்சுரம் மிகுந்த ஸ்திரீ. பிற்பாடு ரூபன் சாமுவேல் என்ற வைத்தியரை மணந்து கொண்டு, குழந்தைகளையும் பண்ணையையும் பராமரித்து வந்தாள்.

இந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பண்ணையிலே உழுது பயிரிட்டவர்கள், பாதிரியாரோ அவருடைய பிள்ளைகளோ மாத்திரம் அல்ல. அந்தக் குடும்பத்துக்கு ஆறேழு நீக்ரோ அடிமைகள் சொந்தமாக இருந்தார்கள். 1860-ம் வருஷக் கணக்குப்படி மிஸௌரி மாகாணத்தில் இருந்த அடிமைகளின் தொகை சுமார் 1,15,000. அவர்களை ஆடு மாடுகளைப் போல் விலைக்கு வாங்கவும் விற்கவும் சட்டம் இடம் கொடுத்தது. இந்த முறையைக் காப்பாற்றுவதற்காகவே தென் மாகாணங்கள் ஐக்கியத்திலிருந்து பிரிந்தன. 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது.

மிஸௌரி மாகாணம் ஐக்கியத்தை விட்டுப் பிரியவில்லை. ஆனால் ஜனங்கள் இரண்டு பட்டார்கள். பெரிய சேனைகள் எதிரெதிரே நின்று போர் புரிவதற்குப் பதிலாக, அங்கே அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் வேட்டையாடினார்கள். ஜெஸ்ஸியின் தமையன் பிராங்க், தென்னாட்டுக் கட்சியைச் சேர்ந்த குவான்ட்ரில் என்பவனுடைய கொரில்லாப் படையில் சேர்ந்தான். 1863 மே மாதம் வடகட்சியின் உள்ளூர்ப் படையினர் இந்தப் பண்ணைக்கு வந்து, பிராங்க் எங்கே என்று கேட்டு, சாமுவேல் வைத்தியருடைய கழுத்தில் கயிற்றை மாட்டி மரத்திலே தூக்கினார்கள். அவர் உயிர் தப்பியதே புனர்ஜன்மந்தான். பதினைந்து வயதுப் பையன் ஜெஸ்ஸியையும் அடித்தார்கள் என்று குடும்பத்தார் சொல்லி வந்தார்கள்.

ஜெஸ்ஸியின் கட்சிக்காரர்கள் இந்தச் சம்பவத்தோடு கதையை ஆரம்பிப்பார்கள். அநியாயத்தைக் கண்ட பையன் ஆயுதம் எடுத்தான் என்பார்கள். அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் அடுத்த ஏடுகளையும் புரட்ட வேண்டுமல்லவா? அதே வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி குவான்ட்ரிலின் படை கான்ஸாஸ் மாகாணத்திலுள்ள லாரென்ஸ் என்னும் ஊரில் புகுந்து, சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று, ஊரைக் கொளுத்தியது. மறு வருஷம் ஜெஸ்ஸியும் கொரில்லாப் படையில் சேர்ந்தான். வயது பதினாறு. அவனுடைய தலைவன் ஆண்டர்ஸன் என்பவனுக்கு ஜனங்கள் கொடுத்திருந்த பெயர் 'இரத்த வெறியன்'. 1864 செப்டம்பர் 27-ந் தேதி, ஸென்ட்ரேலியா என்ற ஊரில் ரயிலை நிறுத்தி, விடுமுறையில் போய்க் கொண்டிருந்த இருபதுக்கு மேற்பட்ட சிப்பாய்களைக் கீழே இறக்கி நிற்க வைத்துச் சுட்டுக் கொன்றது ஆண்டர்ஸனின் கூட்டம். அந்தச் சிப்பாய்களின் கையில் ஆயுதம் இல்லை. ஜெஸ்ஸிக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் இதுதான்.

பேனாவின் கைங்கரியம்

யுத்தம் 1865-ல் முடிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றார்கள். துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஏர் பிடிக்கத் திரும்பினார்கள். சிலர் மட்டும் திரும்பவில்லை.

கியர்னியிலிருந்து சிறிது தூரம் தெற்கே வந்தால் லிபர்ட்டி ஊர். கடைவீதிச் சதுக்கத்தின் மூலையில் செங்கல்லால் கட்டிய பழைய பாங்கி ஒன்று காட்சிசாலையாக இருக்கிறது. 1866 பிப்ரவரி 13-ந் தேதி பட்டப்பகலில் குதிரைகளின் மேல் வந்த கூட்டம் ஒன்று இந்தப் பாங்கியில் நுழைந்து சுமார் 60,000 டாலரை மூட்டை கட்டிக் கொண்டு போயிற்று. யுத்தமில்லாத காலத்தில் பட்டப்பகலில் நடந்த முதல் பாங்கிக் கொள்ளை இதுவே என்று வழக்கமாகச் சொல்லுவார்கள். அன்று ஜெஸ்ஸி நேரில் இருந்தானா என்பது ருசுவாகவில்லை. கொரில்லாப் படையில் அவனோடு இருந்த சகாக்கள் இருந்தார்கள் என்பது பொதுவான அபிப்பிராயம். போகிற போக்கில் அவர்கள் வீதியில் சுட்டதில் ஜார்ஜ் வைமோர் என்ற மாணாக்கன் இறந்தான். அவன் எந்தக் கலாசாலையில் படித்தான் தெரியுமா? பாதிரியார் ராபர்ட் ஜேம்ஸ் ஏற்படுத்த உதவினாரே, அதே வில்லியம் ஜுவல் கலாசாலையில்!

1869 டிசம்பரில் காலட்டின் என்னும் ஊரில் ஷீட்ஸ் என்ற பாங்கி அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆண்டர்ஸனைக் கொன்ற ராணுவ உத்தியோகஸ்தர் என்று அவரைத் தவறாக நினைத்தே சுட்டதாகத் தெரிகிறது. அந்தக் கொலைக்குப் பிறகுதான் ஜெஸ்ஸியின் பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கிற்று. 1872-ல் கான்ஸாஸ் நகரக் கண்காட்சியின் வாசலில் டிக்கெட் வசூலைக் கொள்ளையடித்தபோது, குண்டு பாய்ந்து ஒரு சிறு பெண்ணின் காலில் காயம். 1873 ஜூலையில் அயோவா மாகாணத்தில் அடேர் என்னும் இடத்தில் தண்டவாளத்தை இழுத்து ரயிலைக் கவிழ்த்ததில், எஞ்சின் டிரைவர் ராபர்ட்டி உயிரிழந்தார்.

இப்படிப்பட்ட கூட்டத்தின் தலைவன் ஏழைபங்காளன் ஆனது எப்படி? இங்கேதான் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்த நாம் சற்றுத் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

கான்ஸாஸ் நகரத்தில் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகாசிரியர் இருந்தார். தென்னாட்டுச் சேனையில் உத்தியோகம் பார்த்தவர். யுத்தத்தில் தோற்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. மிஸௌரியில் புதிய அரசியல் சட்டமோ, தென்கட்சிக்காரர்களுக்கு வோட்டுரிமையையும் உத்தியோகத்தையும் மறுத்து அவர்களுடைய மனத்தை மேலும் புண்படுத்தியிருந்தது. போதாததற்கு ரயில்வே கம்பெனிகளின் மேலும் பாங்கிகளின் மேலும் குடியானவர்களுக்கு மனஸ்தாபம் இருந்தது. எட்வர்ட்ஸ் இந்த நெருப்பைத் தம் பேனாவினால் ஊதிவிட்டார். கண்காட்சிக் கொள்ளை நடந்த சில தினங்களுக்குள், 'குற்றத்தின் வீரதர்மம்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கொள்ளைக்காரர்கள், ஆர்தர் மகாராஜாவின் வட்டமேஜையில் அமரத் தகுந்த புருஷர்கள் என்பது அவருடைய தீர்ப்பு. காலில் குண்டு பட்ட சிறு பெண்ணுக்கு அந்த மேஜையில் இடமில்லை. ஜெஸ்ஸியும் தன் பெயரால் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் அனுப்பி, தான் குற்றமற்றவன் என்றும், அரசியல் விரோதிகள் துரத்துகிறார்கள் என்றும் பிரசாரம் செய்து வந்தான். பணக்காரர்களிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பதற்குச் சரித்திராசிரியர்கள் தேடியும் ஆதாரம் அகப்படவில்லை. எடுத்தான் என்பதற்கு மட்டுமே ஆதாரம் இருக்கிறது.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவனைப் பிடிக்கப் புறப்பட்டவர்களும் ஒரு பெரிய பாவத்தைச் செய்தார்கள். 1875 ஜனவரி மாதம் ஓர் இரவில், பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் கம்பெனியின் ஆட்கள், ஜெஸ்ஸி உள்ளே இருப்பதாக எண்ணி, கியர்னிப் பண்ணை வீட்டின் ஜன்னல் வழியாகத் தீக்குண்டு ஒன்றை எறிந்தார்கள். அது வெடித்து, ஜெஸ்ஸியின் தாய் வயிற்றுத் தம்பி, எட்டு வயதுப் பாலகன் ஆர்ச்சி இறந்தான். தாயார் ஜெரெல்டா ஒரு கையை இழந்தாள். குற்றவாளியைப் பிடிப்பதற்குக் குற்றமே வழி என்று நினைத்தவர்கள், அந்த ஒரே இரவில் எட்வர்ட்ஸின் நூறு கட்டுரைகள் செய்யக்கூடியதைவிட அதிக அனுதாபத்தை ஜெஸ்ஸிக்குத் தேடிக் கொடுத்து விட்டார்கள்.

சுவரில் ஒரு துவாரம்

மிஸௌரியை விட்டுக் கிளம்புமுன், அவனுடைய முடிவையும் பார்த்து விடுவோம். கியர்னிக்கு வடமேற்கே, மிஸௌரி நதிக்கரையில் ஸெயின்ட் ஜோஸப் என்ற பட்டணம் இருக்கிறது. குதிரைமேல் தபால் கொண்டு செல்லும் பிரசித்தமான ஏற்பாடு, 1860 ஏப்ரல் 3-ந் தேதி இங்கிருந்துதான் கலிபோர்னியாவுக்கு ஆரம்பமாயிற்று. சரியாக இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1882-ல் அதே ஏப்ரல் 3-ந் தேதி, இந்த ஊரில் தாமஸ் ஹோவர்ட் என்ற பெயரில் மனைவி மக்களோடு வாடகை வீட்டில் வசித்து வந்த ஒருவர் நாற்காலியின் மேலேறி, சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சரிப்படுத்தினார். பின்னாலிருந்து ராபர்ட் போர்ட் என்பவன் அவருடைய தலையில் சுட்டான். விழுந்தவன் ஜெஸ்ஸி ஜேம்ஸ். வயது முப்பத்து நான்கு. சுட்டவன் அவனுடைய கூட்டத்தைச் சேர்ந்தவன். அவன் வீட்டிலேயே உண்டு உறங்கியவன். மாகாண கவர்னர் கிரிட்டென்டன், ரயில்வே கம்பெனிகளின் பணத்தைக் கொண்டு பெரிய வெகுமதி அறிவித்திருந்தார். போர்ட் சகோதரர்கள் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள். அவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைக்கே கவர்னர் மன்னிப்பும் கொடுத்தார்!

அந்தச் சிறு வீட்டைப் பின்னால் வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள். சுவரிலுள்ள துவாரத்தைப் பார்க்க இன்றும் ஜனங்கள் வருகிறார்கள். நண்பனை முதுகுப் புறமாகச் சுட்டவனை எந்த நாட்டிலும் யாரும் மெச்சமாட்டார்கள். ராபர்ட் போர்டின் கோழைத்தனம், ஜெஸ்ஸியின் பாவங்களையெல்லாம் ஜனங்களின் மனத்திலிருந்து கழுவி விட்டது. உடலைப் பண்ணை வீட்டு முற்றத்திலேயே புதைத்தார்கள். தாயார் பார்க்க வந்தவர்களிடம் 25 ஸென்டு வாங்கிக் கொண்டு மகனுடைய கதையைச் சொல்லுவாள். சமாதியின் மேலிருந்த கூழாங்கற்களையும் விற்பாள். கற்கள் தீர்ந்தால், பக்கத்து ஓடையிலிருந்து வேறு கற்கள் வந்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்லுவார்கள். தமையன் பிராங்க், ஆறு மாதத்துக்குப் பிறகு கவர்னரிடம் நேரில் வந்து சரணடைந்தான். ஜூரிகள் அவனைக் குற்றவாளி அல்ல என்று விட்டுவிட்டார்கள். 1915-ல், குடும்பப் பண்ணையிலேயே, கட்டிலில் படுத்தவாறு உயிர் நீத்தான்.

மிஸௌரியில் நாம் காணும் நினைவுகள் இவ்வளவுதான்: தாயின் துயரம், நண்பனின் துரோகம், சுவரில் ஒரு துவாரம். இவை எல்லாம் மெய். ஆனால் பாதி மெய். மறு பாதி வடக்கே 400 மைல் தூரத்தில் இருக்கிறது.

ஏழு நிமிஷம்

35-ம் எண் சாலையில் மிஸௌரியையும் அயோவாவையும் கடந்து மின்னஸோட்டாவில் புகுந்தால், இரு பக்கமும் சோளக் கொல்லைகளும் பசு மாட்டுப் பண்ணைகளும் தொடர்ந்து வருகின்றன. சாலையை விட்டுக் கிழக்கே சில மைல் திரும்பியதும் நார்த்பீல்டு. நடுவில் கானன் என்ற சிறு நதி ஓடுகிறது. அதன் கரையில் பழைய மாவு மில் ஒன்று. 1866-ல் ஸ்தாபிதமான கார்ல்டன் கலாசாலை ஒரு பக்கம். 1874-ல் நார்வே நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய ஸெயின்ட் ஓலாப் கலாசாலை மற்றொரு பக்கம். பசுக்கள், கலாசாலைகள், மனத் திருப்தி ஆகிய மூன்றுமே தங்கள் ஊரின் செல்வம் என்று இவ்வூரார் சொல்லிக் கொள்வது வழக்கம்.

இவ்வளவு சாந்தமான ஊருக்கு, ஸெயின்ட் ஜோஸப் சம்பவத்துக்கு ஆறு வருஷங்களுக்கு முன்னால், ஜெஸ்ஸியின் கூட்டம் ஏன் வந்தது? அதற்குப் பதில் அந்த மாவு மில்லில் இருக்கிறது. மில் ஏம்ஸ் குடும்பத்தாருக்குச் சொந்தமாயிருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அடல்பர்ட் ஏம்ஸ் யுத்தத்தில் வடநாட்டுச் சேனாதிபதிகளில் ஒருவர். பிறகு தெற்கே மிஸிஸிப்பி மாகாணத்தின் கவர்னராக இருந்து, விடுதலை பெற்ற நீக்ரோக்களின் வோட்டுரிமையைக் காப்பாற்றப் போராடினார். வெள்ளையர்களின் ஆயுதக் கூட்டங்கள் பயமுறுத்தியும் கொலை செய்தும் 1875-ம் வருஷத் தேர்தலைக் கைப்பற்றின. 1876 மார்ச்சில் ஏம்ஸ் ராஜீனாமாச் செய்து, நார்த்பீல்டுக்கு வந்து சேர்ந்தார். ஏம்ஸின் பணமும் அவருடைய மாமனார் பட்லருடைய பணமும் இந்த ஊர்ப் பாங்கியில் இருப்பதாகக் கேள்விப்பட்டே வந்தோம் என்று, கூட்டத்தில் ஒருவனான கோல் யங்கர் பிற்காலத்தில் சொன்னான். அடிமை முறைக்காக நடந்த யுத்தம் பதினொரு வருஷங்களுக்கு முன்பே முடிந்து விட்டது. ஜெஸ்ஸியின் கூட்டத்துக்கு அது முடியவில்லை.

1876 செப்டம்பர் 7-ந் தேதி பிற்பகல் 8 பேர் நீண்ட மேலங்கிகள் அணிந்து நல்ல ஜாதிக் குதிரைகளின் மேல் ஊருக்குள் வந்தார்கள். ஜெஸ்ஸி, பிராங்க், யங்கர் சகோதரர்கள் மூவர், இன்னும் மூன்று பேர். மூவர் பாங்கிக்குள் நுழைந்தார்கள்; மற்றவர்கள் வெளியே காவல் நின்றார்கள்.

அன்று பாங்கியின் காஷியர் ஊரில் இல்லை. பிலடெல்பியா நகரத்தில் நடந்த சுதந்திர நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்குப் போயிருந்தார். அவருடைய ஸ்தானத்தில் ஜோஸப் லீ ஹேவுட் என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். வயது முப்பத்தொன்பது. யுத்தத்தில் வடநாட்டுச் சிப்பாயாகச் சேவை செய்தவர். கார்ல்டன் கலாசாலையின் பொக்கிஷ தாராகவும் கணக்கு வைத்தவர். வீட்டில் மனைவியும் ஒரு சிறு பெண்ணும். பாங்கி, இரும்புப் பெட்டி, கணக்குப் புஸ்தகம், வீடு — இவையே அவருடைய உலகம். சில தினங்களுக்கு முன் கலாசாலைத் தலைவர் அவரிடம் பழைய பாங்கிக் கொள்ளை ஒன்றைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தவர், "அப்படி யாராவது வந்தால் பெட்டியைத் திறந்து விடுவீரா?" என்று கேட்டதாகவும், "திறக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்" என்று அவர் அமைதியாகப் பதில் சொன்னதாகவும் கூறுகிறார்கள்.

"பெட்டியைத் திற!" என்றார்கள் வந்தவர்கள். "அதில் கடிகாரப் பூட்டு இருக்கிறது, இப்போது திறக்க முடியாது" என்றார் ஹேவுட். அடித்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக் கீறினார்கள். காதருகே துப்பாக்கியை வெடித்தார்கள். பண அறைக்குள் நுழைந்த ஒருவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தப் பார்த்தார் அந்தக் குமாஸ்தா! இதில் பெரிய அதிசயம் என்னவென்றால், உண்மையில் இரும்புப் பெட்டி பூட்டப்படவேயில்லை. கதவு மூடித்தான் இருந்தது. பிடித்து இழுத்திருந்தால் சுமார் 15,000 டாலர் அவர்கள் கையில். ஒருவனுக்காவது இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மற்றொரு குமாஸ்தா பங்கர் பின்வாசல் வழியாக ஓடினார். தோளில் குண்டு பாய்ந்தும் தப்பினார்.

இதற்குள் வீதியில் ஆலன் என்ற இரும்புக் கடைக்காரர் சந்தேகப்பட்டுப் பாங்கி வாசலில் எட்டிப் பார்த்து, "கொள்ளை! கொள்ளை!" என்று கூவிவிட்டார். தம் கடையிலிருந்த துப்பாக்கிகளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். மானிங் என்ற மற்றொரு இரும்புக் கடைக்காரர் தெரு மூலையில் நின்று குறி பார்த்துச் சுட்டார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஹென்றி வீலர் என்ற வைத்திய மாணாக்கர் எதிர்த்த ஹோட்டலின் மாடி ஜன்னலிலிருந்து சுட்டார். துப்பாக்கி கிடைக்காதவர்கள் கல்லெறிந்தார்கள். போலீஸாரும் இல்லை, பட்டாளமும் இல்லை. சாமான் விற்றுக் கொண்டிருந்தவர்களும் வாங்க வந்தவர்களுந்தான்.

ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்து விட்டது. கொள்ளைக்காரர்களில் இருவர் வீதியில் பிணமாய்க் கிடந்தார்கள். நிக்கோலஸ் குஸ்தாவ்ஸன் என்ற ஸ்வீடன் தேசத்து ஆள், இங்கிலீஷ் பாஷை அதிகம் அறியாதவர், வீதியிலிருந்து விலகச் சொன்னது விளங்காமல் நின்று குண்டுபட்டு, சில தினங்களில் இறந்தார். பாங்கியிலிருந்து கடைசியாக வெளியேறிய கொள்ளைக்காரன், திரும்பி நின்று, ஹேவுட்டின் தலையில் சுட்டுவிட்டுப் போனான். இனி ஆகவேண்டிய லாபம் ஒன்றுமில்லை, கோபந்தான். அவர்களுக்குக் கிடைத்த தொகை 26 டாலர் 70 ஸென்டு.

மறு பாதிக் கணக்கு

தப்பி ஓடிய ஆறு பேரையும் நூற்றுக்கணக்கான ஜனங்கள் மழையிலும் சேற்றிலும் தேடினார்கள். ஜேம்ஸ் சகோதரர்கள் பிரிந்து சென்று தப்பிவிட்டார்கள். மற்ற நால்வரும் இரண்டு வாரம் காடுகளில் அலைந்த பிறகு, மடேலியா என்னும் ஊருக்கு அருகில் ஒரு குடியானவர் வீட்டில் ஆகாரம் கேட்டார்கள். அந்த வீட்டுப் பையன், பதினேழு வயது ஆஸ்கார் ஸோர்பல், சந்தேகங்கொண்டு, குதிரையை விரட்டிப் போய் ஊரில் தகவல் சொன்னான். செப்டம்பர் 21-ந் தேதி நடந்த சண்டையில் ஒருவன் இறந்தான். யங்கர் சகோதரர் மூவரும் காயங்களுடன் பிடிபட்டார்கள். குற்றத்தை ஒப்புக் கொண்டவர்களைத் தூக்கிலிட அக்காலத்து மின்னஸோட்டாச் சட்டம் இடம் தராததால் ஆயுள் தண்டனை பெற்று, ஸ்டில்வாட்டர் சிறைச்சாலைக்குப் போனார்கள். ஒருவன் 1889-ல் க்ஷயரோகத்தால் அங்கேயே இறந்தான். மற்ற இருவரும் 1901-ல் வெளியே வந்தார்கள். ஜெஸ்ஸியின் பழைய கூட்டம் மறுபடி தலையெடுக்கவில்லை. மாகாணச் சேனைகளாலும் துப்பறியும் கம்பெனியாலும் ஆகாத காரியத்தை, கடைக்காரர்களும் குமாஸ்தாவும் ஒரு குடியானவப் பையனும் செய்து முடித்தார்கள்.

அந்தப் பாங்கிக் கட்டடத்தை உள்ளூர்ச் சரித்திர சங்கத்தார் அக்காலத்து மாதிரியே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். உள்ளே போனால் அது எவ்வளவு சிறியது என்பதுதான் முதலில் மனத்தில் படுகிறது. நாலைந்து பேர் நடமாடினால் இடம் சரியாகிவிடும். செப்டம்பர் விழாவின்போது வீதியில் குதிரைகளும் வேட்டுச் சத்தமுமாகக் கொள்ளையை நடித்துக் காட்டுகிறார்கள், ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். ராட்டினமும் தின்பண்டமும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விழாவிலே ஹேவுட்டின் சமாதிக்குச் சென்று அஞ்சலி செய்வதும் ஓர் அம்சம். பொதுஜன சேவை செய்த உள்ளூர்வாசி ஒருவருக்கு அவர் பெயரால் விருதும் அளிக்கிறார்கள். விழாவின் பெயரில் கொள்ளைக்காரன் இருக்கிறான், மரியாதை குமாஸ்தாவுக்கு.

ஊரார் பணத்துக்காக ஹேவுட் உயிரை விட்டிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவருடைய மனைவியும் குழந்தையும் அந்தக் கேள்வியை எத்தனை தடவை தங்களுக்குள் கேட்டிருப்பார்களோ! அந்தப் பெட்டியிலிருந்தது முதலாளியின் லாபம் மட்டும் அல்ல. குடியானவன் கோதுமை விற்ற பணமும், கடைக்காரன் வாரக் கடைசியில் கட்டிய பணமும் அதில் இருந்தன. அவற்றைத் தம்மிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த தர்மம்.

அநியாயம் கண்டு சினந்தவர்களை உலகம் போற்றுவது இயல்பு, போற்றவும் வேண்டும். ஆனால் தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லிக் கொண்டு, மற்றவன் வாயிலிருந்து கவளத்தைப் பறிப்பவன் வேறு. மற்றவர்களுக்கு நேரும் அநியாயத்தைத் தடுக்கத் தன் உயிரைக் கொடுப்பவன் வேறு. இந்த இருவரையும் வேறுபிரித்துப் பார்க்கத் தெரியாத தேசம், நாளடைவில் துப்பாக்கி வைத்திருப்பவனையெல்லாம் தலைவன் என்று கும்பிட ஆரம்பித்து விடும். ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பற்றிய பாட்டுக்களையும் படங்களையும் யாரும் அழித்துவிட வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழந்தைகள் அந்தக் கதையைக் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். சொல்லி முடித்த பின், நார்த்பீல்டு பாங்கியில் பூட்டாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "திறக்க முடியாது" என்று சொன்ன குமாஸ்தாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் கதை முழுமை பெறும்.